கொய்ங் வீட்டு விசேஷம்

நன்கொடை வாங்கிப் பணக்காரர் ஆனவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நன்கொடை வாங்கி வாங்கியே ஏழையான ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் கொய்ங்தான். எந்த நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டாலும் வந்து இதைச் சொல்ல நான் தயார். பஸ் காசு மட்டும் கொடுத்தால் போதும்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் நான் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மாடியில் ஓர் அறை உண்டு. அதில் பல வருடமாகக் குடியிருக்கிறார் கொய்ங். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் யாராவது மைக்கைப் பிடித்ததும் ‘கொய்ய்ங்’ என்று ஒரு சத்தம் கிளம்பி, பந்தியில் இருக்கிறவர் கையிலிருந்து அப்பளத்தை விழவைக்குமே, அதை ஒழிப்பதற்கென்றே பிறவி எடுத்தவர். அதனால் ஊரே சேர்ந்து அந்தப் பெயரைச் சூட்டிவிட்டது.

சென்னையில் நல்ல கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர் அதை உதறிவிட்டு வந்து ஒரு மென்பொருள் எழுதினார். மைக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்து அதை ஓடவிட்டால் போதும், கொய்ங் சத்தம் வெளியே வருவதற்குள் கழுத்தைப் பிடித்துவிடும். எழுதியதை விற்றிருந்தால் இன்று கார் வாங்கியிருப்பார். இவரோ யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று இணையத்தில் திறந்து போட்டுவிட்டார். தன் சாப்பாட்டுக்கு அரிசி மண்டிகளின் பில் போடும் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்தார்.

அவரோடு பேசுவதே ஒரு வேலை. ஸ்டுடியோவுக்குள் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் வரமாட்டார். வாசலிலேயே நின்று, “அண்ணே, ஃபேன் கொர்ருங்குது, நிறுத்துங்க” என்பார். சித்திரை மாதத்திலும் இதே கதைதான். வியர்வை வழிய வழிய அவர் பேச்சை நான் கேட்டிருக்கிறேன்.

ஒருமுறை, சத்தமே இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார். கரும்பு டிராக்டர் ஓடும் ஊரில் அதற்கு எங்கே போவது? என்னையும் இழுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறினார். வெள்ளிமலை தாண்டி ஒரு சாமைக் காட்டோரம் மைக்கை நட்டுவிட்டு உட்கார்ந்தோம். காட்டுக்காரர் வந்து, இன்னா புடிக்கிறீங்க என்று கேட்டார். ஒண்ணும் இல்லாத சத்தத்தைப் பிடிக்கிறோம் என்றார் கொய்ங். அந்த மனிதர் சிரிக்கவில்லை. ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டிவிட்டு, ஊருக்குள் போய், யாரும் சத்தம் போடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். விளைவு, சத்தம் போடாமல் இருப்பது எப்படி என்று பார்க்க ஊரே எங்களைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் பதிவில் ஓர் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதும், கடைசியில் ஒரு பெண் குரல் “முடிஞ்சிதா?” என்று கேட்பதும் தெளிவாக இருக்கின்றன. இன்றைக்கும் அந்த மென்பொருளுக்கு நிசப்தம் என்றால் அதுதான்.

மென்பொருள் உலகமெல்லாம் போனது. எங்கெங்கோ இருக்கும் வானொலிக்காரர்களும் பாட்டு பதிகிறவர்களும் எடுத்து ஓட்டினார்கள். போன வேகத்தில் புகார்களும் வந்தன. அந்த வசதி ஏன் இல்லை, இந்தப் பொத்தான் ஏன் இங்கே இருக்கிறது, நேற்றே கேட்டேனே ஏன் இன்னும் சரிசெய்யவில்லை. மாதச் சம்பளம் கொடுக்கிறவன்கூட இப்படிக் கேட்கமாட்டான். உள்ளூர் மைக்செட்காரர்கள் முகூர்த்த நேரத்தில் போன் போட்டு, தாலி கட்டப் போறாங்க, சீக்கிரம் சொல்லு என்பார்கள். அவரும் பல் தேய்த்துக்கொண்டே வழி சொல்லுவார்.

பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துப் போனது. விருப்பப்பட்டவர்கள் பணம் அனுப்பட்டும் என்று அவருடைய இணையப் பக்கத்தில் ஒரு பொத்தான் வைக்கச் சொல்லி நச்சரித்தேன். அரை மனதாக வைத்தார். கொஞ்ச நாளில் ஒரு வெளிநாட்டு வானொலிக்காரர் பணம் அனுப்பினார். நான் டீ வாங்கிவரக் கிளம்பினேன். கொய்ங் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, இவரு வூட்ல எப்ப விசேஷம்னு தெரியலியே.”

எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. திருநாவலூர்ப் பக்கத்துக் குடும்பம் அவருடையது. வந்த பணம் மொய். மொய் வாங்கினால் அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்ப வேண்டும். அதுவும் வாங்கியதைவிட ஒரு பங்கு ஜாஸ்தியாகத் திருப்பினால்தான் மரியாதை. கம்மியாக வைத்தால் அவருடைய அம்மா சோறு போடமாட்டார். நன்கொடைக்கும் மொய்க்கும் இருக்கும் வித்தியாசத்தை நான் தொண்டை வறளச் சொன்னேன். “காசுதானேண்ணே ரெண்டும்” என்று முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து பணம் அனுப்பிய ஒவ்வொருவருக்கும், உங்கள் வீட்டில் அடுத்து என்ன விசேஷம் என்று கேட்டு அஞ்சல் போனது. வானொலிக்காரர் ஏதோ அன்பான விசாரிப்பு என்று நினைத்து, வீட்டுக் கூரையை மாற்றப் போகிறோம் என்று பதில் போட்டார். கொய்ங் அதைப் புதுமனைப் புகுவிழாவில் சேர்த்து, வாங்கியதற்கு மேல் போட்டு அனுப்பினார். இன்னொருவர் தன் நாய்க்குப் பிறந்தநாள் என்றார். நாய்க்கும் மொய் போனது. இதில் வங்கி பிடித்துக்கொள்ளும் கமிஷன் வேறு. இப்படி நன்கொடை வர வர இவருக்குக் கடன் ஏறியது. அரிசி மண்டியில் வாங்கும் கூலியெல்லாம் கடல் கடந்து போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய நிறுவனம் அவரைக் கூப்பிட்டது. மென்பொருளை அவர்களுக்கே கொடுத்துவிட வேண்டும், இலவசமாகக் கிடைப்பதை நிறுத்திவிட வேண்டும், பெங்களூருவில் வேலை, நல்ல சம்பளம். ஒரு மத்தியானம் அவர் ஸ்டுடியோவுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“முடியலண்ணே. ஒத்துக்கலாம்னு இருக்கேன். இந்த மாசத்தோட எல்லாத்தயும் மூடிடறேன்.”

தலைக்கு மேல் மின்விசிறி கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லவில்லை. அது ஓடுவதே அவருக்குக் கேட்கவில்லை. மனிதர் எவ்வளவு களைத்துப் போயிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. போகாதே என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

மறுநாள் களமருதூர் மைக்செட்காரர் ஒரு கல்யாண வேலையாக என்னிடம் வந்தார். எங்கள் பக்கத்து மைக்செட்காரர்களில் மூத்தவர். விஷயத்தைச் சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். “ஃப்ரீன்னாரேப்பா, அதான் நாங்க கேக்கல” என்றார். நான் மொய்க் கதையையும் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக மாடிக்கு ஏறினார். நானும் பின்னால் போனேன்.

“தம்பி, மொதல்ல மொய் வச்சது யாரு?”

அவங்கதான் என்றார் கொய்ங்.

“நல்லா யோசி. எந்தப் பந்தலுக்கு உன்ன பத்திரிகை வச்சிக் கூப்ட்டாங்க? நீ பாட்டுக்கு வூடு வூடா வந்து வச்சிட்டுப் போய்க்கினே இருந்த. வாங்கிக்கினு திருப்பாம இருக்கறது நாங்கதான். கேவலம் எங்களுது.”

கொய்ங் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, அப்ப கூர மாத்துனவரு என்று இழுத்தார். அவரு திருப்பனாரு, நீ புரியாம மறுபடியும் போய் வச்சிட்டு வந்துட்ட என்று தீர்ப்பு வந்தது. ஆனால் மொய்யைத் திருப்ப ஒரு விசேஷம் வேண்டுமே? கல்யாணம் பண்ணிக்கிறியா என்று பெரியவர் கேட்டார். கொய்ங் பதறிப்போய், மென்பொருளின் புதுப் பதிப்புதான் பாதி எழுதிக் கிடக்கிறது என்றார். அதற்கே வைத்துவிடுவது என்று முடிவானது. இலவசம் என்றால் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் எங்கள் ஜனம், விசேஷம் என்று கூப்பிட்டால் வெறுங்கையோடு வராது.

மண்டபம் பிடித்தார்கள். மென்பொருளுக்கு முகம் இல்லாததால் பேனரில் கொய்ங்கின் ரேஷன் கார்டு படத்தையே பெரிதாக்கிப் போட்டோம். வடை பாயசம் தயார். திருக்கோவிலூர், உளுந்தூர்ப்பேட்டை, சங்கராபுரம் என்று எல்லாப் பக்கத்து மைக்செட்காரர்களும் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை. ஆளாளுக்குத் தங்கள் சொந்த செட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். முதல் மொய்யைப் படிக்க மைக்கை எடுத்ததும் கிளம்பியது பாருங்கள் ஒரு கொய்ங், பாயசம் பரிமாறியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். ஒருவர்கூடப் பல வருடமாக நடுநடுவே வந்த பதிப்புகள் எதையும் ஏற்றவில்லை. விழா நாயகர் கழுத்து மாலையோடு மேடையிலிருந்து குதித்து, ஒவ்வொரு லேப்டாப்பாகப் போய்ச் சரிசெய்தார். மொய் எழுதுகிறவர் அதுவரை பேனாவை மூடிவைத்துக் காத்திருந்தார்.

பிறகு மைக் சுத்தமாகப் பேசியது. வெளிநாட்டுக்காரர்களுக்கும் நான் விஷயத்தை விளக்கி எழுதியிருந்தேன். கூரை மாற்றியவர், நாய் வளர்ப்பவர் என்று அவர்கள் மொய்யும் வரிசையாகப் படிக்கப்பட்டது. மலையிலிருந்து காட்டுக்காரர் ஒரு மூட்டை சாமையோடு வந்தார். ஒண்ணும் இல்லாத சத்தத்துக்கு என்று படிக்கச் சொன்னார். கொய்ங் அழுதார். நானும்தான் அழுதேன், கேமராவுக்குப் பின்னால் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஸ்டுடியோ வாசலில் நிழல் ஆடியது. உள்ளே வரவில்லை. எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன். வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

“எல்லாரும் ஜாஸ்தியா வச்சிட்டாங்கண்ணே. ஜாஸ்தியா வச்சதெல்லாம் புது மொய். அத நான் திருப்பியாகணும்.”

எப்படி என்று கேட்டேன். அடுத்த பதிப்பில்தான் என்றார். பெங்களூருக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டாராம். சந்தோஷமாகச் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். மறுபடியும் வேலைக்குக் கிளம்பச் செருப்பைத் தேடுகிறவர் குரலில்தான் சொன்னார். மாடியேறிப் போய் அன்றைய புகார்களைப் படிக்க உட்கார்ந்துவிட்டார்.

என் மொய்யை மட்டும் மைக்கில் படிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். எவ்வளவு என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை. அவரால் லேசில் திருப்பிவிட முடியாதபடி பார்த்துத்தான் வைத்தேன். கணக்கைத் தீர்த்துவிட்டு அவர் மாடியைக் காலி செய்துவிட்டால், நான் யாருக்காக மின்விசிறியை நிறுத்துவது?