போர்விமானத்துக்கு வைத்த பொட்டு

பறவை பார்க்கப் பிச்சாவரம் போகிறவர்கள், போகிற வழியில் இந்த இனத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம். தொலைநோக்கி வேண்டாம். படியேறியதும், "வாங்க" என்று சொல்வதற்கு முன்னால் "கையில எண்ணெய் இருக்கா?" என்று ஒருவர் கேட்டால், நீங்கள் சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறீர்கள். இவர் மாடல் சேகரிப்பாளர். கண்ணாடி அலமாரிக்குள் இவர் பூட்டி வைத்திருப்பது பொம்மை அல்ல. பொம்மை என்று வாய்தவறிச் சொன்ன சொந்த மச்சினனோடு இவர் இரண்டு பொங்கலாகப் பேசுவதில்லை.

கடலூர் முதுநகர் இளவரசு இந்த இனத்தில் ஒருவர். ஐம்பது வயது. வாகன இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. விமானத்தில் ஏறியதில்லை, சில்வர் பீச்சில் ராட்டினத்தில் ஏறி, முதல் சுற்றிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கியவர். ஆனால் உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்து, காட்டுப் பச்சையும் பழுப்பும் பூசி, சக்கரம் முதல் விமானியின் தொப்பி வரை எல்லாவற்றையும் எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, உலகத்துக்கே ஆயிரம்தான் என்று கம்பெனிக்காரன் நம்பர் போட்டு அனுப்பிய, இரண்டாம் உலகப்போரின் பர்மா சண்டையில் பறந்த ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர்விமானம் ஒன்று ஐந்து அங்குல நீளத்தில் அவரிடம் இருக்கிறது. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வந்தவரை இரண்டடி தள்ளி நிற்கவைத்து, "ரெக்கையில ரெண்டு பீரங்கி, நாலு மிஷின் கன்னு, மூச்ச மட்டும் அந்தப் பக்கம் விடுங்க" என்று அரை மணி நேரம் விளக்குவார். வந்தவர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவராக இருப்பார். இருந்தால் என்ன?

இந்த இனம் தனியாக வாழாது. சங்கம் வைத்துத்தான் வாழும். கடலூர் சிதம்பரம் சேகரிப்பாளர் சங்கத்தில் மொத்தம் எட்டுப் பேர். அதில் ஏழு பேர் நிர்வாகிகள். வருடாவருடம் விஜயதசமியன்று சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கண்காட்சி, சிறந்த மாடலுக்குக் கோப்பை. மூன்று வருடமாக அந்தக் கோப்பை சிதம்பரம் டேவிட் ராஜ் வீட்டில் இருக்கிறது. மூன்று வருடமாக இளவரசு இரண்டாம் இடம். இந்த வருடம் ஸ்பிட்ஃபயரை நம்பி இருந்தார். நம்பிக்கைக்குத் துணையாகச் சங்கத்தில் புதிதாக ஒரு விதியும் எழுதிச் சேர்த்திருந்தார்: கம்பெனியிலிருந்து வந்தது வந்தபடி இருக்க வேண்டும், சொந்தக்காரர் கைபட்டு ஏதாவது சேர்ந்திருந்தால் மாடல் தள்ளுபடி. டேவிட் ராஜ் தன் ஜெர்மன் விமானத்தின் மூக்கில் பெயின்ட் தொட்டு வைத்த விஷயம் அவர் காதுக்கு வந்திருந்தது.

ஆயுத பூஜையன்று மேஜை போடவும் பெயர்ச்சீட்டு ஒட்டவும் இளவரசு சிதம்பரம் போய்விட்டார். சாயங்காலம் பஸ் பிடித்து வீடு திரும்பினால், சாமி அறையில் தையல் மிஷின், மிக்சி, அரிவாள்மனை, ஸ்கூட்டர் சாவி, இவற்றுக்கு நடுவே வாழையிலையில், பொரியும் கடலையும் சூழ ஸ்பிட்ஃபயர் நின்றது. மூக்கில் சந்தனம். காற்றாடியில் சாமந்திச் சரம். சக்கரத்துக்கடியில், சக்கரத்தைவிடப் பெரிதாக இரண்டு எலுமிச்சம்பழம். இறக்கையில் விமானப்படை அடையாளமாக இருந்த நீல வட்டங்களின் நட்டநடுவே குங்குமம்.

அலமாரிச் சாவியா? சாவி இருக்கும் இடம் தெரியாத மனைவி எந்த வீட்டில் இருக்கிறார்?

"புஷ்பா, என்ன பண்ணி வெச்சிருக்க?"

"படைச்சிருக்கேன்" என்றாள் புஷ்பவள்ளி. "வருசா வருசம் அரிவாமனைக்கும் மிக்சிக்கும் பொட்டு வெக்கிறோம். பீரங்கி இருக்கு, மிஷின் கன்னு இருக்குன்னு வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் நீங்கதான் சொல்றீங்க. வீட்ல இருக்கற ஒரே ஆயுதம் இதுதான். இத விட்டுட்டு மிக்சிக்கு மட்டும் படைச்சா சாமி என்ன நெனைக்கும்?"

இதற்கு இளவரசுவிடம் வரலாறு இருந்தது.

"அந்த வட்டத்துல எதுக்கு செவப்பு வெச்ச? பர்மா சண்டையில வட்டத்து நடுவுல இருந்த செவப்ப அவுங்களே எடுத்துட்டாங்க. செவப்பு தெரிஞ்சா ஜப்பான்காரன்னு நெனச்சி சொந்த ஆளுங்களே சுட்டுடுவாங்க."

"முதுநகர்ல யாருங்க சுடப்போறாங்க? பொட்டுக்குன்னே வட்டம் போட்டு வெச்ச மாதிரி இருந்துச்சி. வெச்சேன்."

அவர் காது குடையும் பஞ்சுக் குச்சியோடு குனிந்தார். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாதீங்க. காலையில சுண்டல் வெச்சி மறுபூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும். வீட்டுக்கு ஆகாது."

காலையில் படைத்து முடித்துக் கையில் கொடுத்தாள். சந்தனம் தானாக உதிர்ந்தது. குங்குமம் உதிரவில்லை. துடைத்துப் பார்த்தார், குங்குமத்தோடு நீல வட்டமும் கிளம்பி வரப் பார்த்தது. அதற்குமேல் துடைக்கக் கை வரவில்லை. தான் எழுதிய விதியால் தானே தள்ளுபடியாகப் போகும் முதல் ஆள் என்ற நினைப்போடு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போனார்.

மண்டபத்தில் டேவிட் ராஜ் லென்ஸை எடுத்தார். மற்ற ஆறு பேரும் கழுத்தை நீட்டினார்கள்.

"மச்சான், இது பர்மா வண்டியாச்சே. நடுவுல செவப்பு எப்படி வந்துச்சி?"

"அது… ஆயுத பூஜையில…" என்றார் இளவரசு. உண்மையைச் சொல்லத்தான் அவர் தொடங்கினார். அந்தப் புண்ணியத்தை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இங்கே இந்த இனத்தின் தலையாய குணத்தைச் சொல்லியாக வேண்டும். இவர்களிடம் எல்லாம் இருக்கும். அட்டைப்பெட்டி, ரசீது, சான்றிதழ், அந்தச் சான்றிதழுக்கு ஒரு ஜெராக்ஸ். 'எனக்குத் தெரியாது' என்ற வாக்கியம் மட்டும் கையிருப்பில் இருக்காது. அதுவும் ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது?

டேவிட் ராஜ் லென்ஸை மெல்ல இறக்கினார்.

"ஓ, பூஜை வேரியன்ட்டா? படிச்சிருக்கேன். நம்ம ஆளுங்கதான அங்க மெக்கானிக்கு? ஏர்ஃபீல்டுலயே பொட்டு வெச்சி படைச்சிருக்காங்க. கம்பெனிக்காரன் அத அப்படியே போட்டிருக்கான். ரொம்ப ரேர்."

"நானும் படிச்சேன்" என்றார் பொருளாளர். லால்பேட்டையிலிருந்து வந்திருந்த துணைத்தலைவர் அதன் பழைய போட்டோவையே பார்த்திருந்தார். எலுமிச்சம்பழம்கூட அதில் தெரிந்ததாம். ஐந்து நிமிடத்தில் ஏழு பேரும் எங்கெங்கோ படித்துவிட்டார்கள். படிக்காதவர் இளவரசு ஒருவர்தான். கோப்பையைக் கையில் வாங்கும்போது அவருக்கும் படித்த ஞாபகம் வந்துவிட்டது.

ஆனால் குங்குமம் பெயின்ட் இல்லையே, மங்காமல் இருக்குமா? அடுத்த வெள்ளிக்கிழமை இளவரசு ஒரு கையில் விமானமும் ஒரு கையில் ஸ்கேலுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"புஷ்பா, கொஞ்சம் வெச்சி விடேன். சரியா மூணு மில்லிமீட்டர். ஜாஸ்தி வேணாம்."

"குளிச்சாச்சா?" என்றாள் அவள், அடுப்பைப் பார்த்தபடி.

அவர் குளிக்கப் போனார். இப்போது வாராவாரம் போகிறார். டேவிட் ராஜோ இன்னொரு பூஜை வேரியன்ட் எங்காவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறார். போன மாதம் மயிரிழையில் தவறிப்போனதாகச் சொல்கிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் பர்மாவில் நம் ஆட்கள் விமானத்துக்குப் பொட்டு வைத்தார்கள் என்று டேவிட் ராஜ் சொன்ன இடத்தில், 'ஆமாம், இதை எங்கோ படித்திருக்கிறோமே' என்று உங்கள் தலை லேசாக ஆடியதே, அது எதற்கு? நாளைக்கு டீக்கடையில் யாரிடமாவது எடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியிருக்குமே?

சங்கத்தில் ஒன்பதாவது இடம் காலியாகத்தான் இருக்கிறது. சேர்ந்த அன்றைக்கே நிர்வாகியாக்கிவிடுவார்கள்.