மாத்திரைப் பெட்டியும் பதினான்கு படிகளும்

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17ஆம் நாள், வியாழக்கிழமை. காலையில் மேகமூட்டம். ஒன்பதே காலுக்கு, குடையை விரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும் அளவுக்கு ஒரு தூறல். பத்து மணிக்கு அதுவும் நின்று, புழுக்கம். அன்றுதான் என் மனைவி என்னைப் பூட்டி வைத்தாள் என்று எழுதினால் அது மிகையாகும். என் மாத்திரைகளைத்தான் பூட்டி வைத்தாள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகைக்கு முன்னால் நின்ற கால் அது. மாற்றிய மருத்துவருக்கு என்னிடம் முதன்முதலில் படித்த பிள்ளைகளைவிட வயது குறைவு. ஆனால் கண்டிப்பில் எனக்கு மூத்தவர். அன்று காலை அவர் என் மேல் இரண்டு குற்றங்களைப் பதிவு செய்தார். முதலாவது, என் முழங்கால் எழுபது பாகைக்கு மேல் மடங்க மறுத்தது. இரண்டாவது, பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரைகள் ஆறே நாளில் தீர்ந்திருந்தன.

இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பயிற்சி செய்தால் வலித்தது. வலித்தால் மாத்திரை. மாத்திரை போட்டால் தூக்கம். தூங்குகிறவன் எப்படிப் பயிற்சி செய்வான்?

"ஐயா, செப்டம்பர் எட்டாம் தேதி வரைக்கும் பார்ப்பேன்," என்றார் மருத்துவர். "அதுக்குள்ள தொண்ணூறு டிகிரி மடங்கலேன்னா, திரும்ப மயக்க மருந்து குடுத்து நானே மடக்க வேண்டியதுதான். அதுக்கப்புறம் வர்ற வலிக்கு இந்த மாத்திரையெல்லாம் பத்தாது."

எனக்கு வியர்த்தது. இருந்தும், தினமும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்க வேண்டும் என்று உடற்பயிற்சி நிபுணர் சொன்னபோது, என்னால் இயலாது என்று தெளிவாகத் தெரிவித்தேன். அவர் காரணம் கேட்டார். இந்தக் கால் இனி இந்தப் பிறவியில் படி ஏறாது என்றேன். ஐயம் எழாதிருக்க அதையே மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் என் மனைவி பக்கத்தில் இருந்தாள்.

அவளைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வங்கியில் பாதுகாப்புப் பெட்டகப் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பூட்டுக்கு முன்னால் மனிதர்கள் எப்படியெல்லாம் மாறுகிறார்கள் என்பதை வேலைநேரம் முழுவதும் பார்த்தவள். அந்தப் பயிற்சியை வீட்டில் பயன்படுத்துவாள் என்று நான் கருதவில்லை.

அன்று பிற்பகலே மருந்துக்கடைக்காரர் ஒரு பெட்டியோடு வந்தார். சோறு வடிக்கும் பானை அளவுக்கு உருண்டையான வெள்ளைப் பெட்டி. உள்ளே சக்கரம் போல அறைகள். எந்த நேரத்துக்கு எத்தனை மாத்திரை என்று முன்கூட்டியே பதிந்துவிட்டால், அந்த நேரத்துக்கு அது கீழே உள்ள கிண்ணத்தில் விழும். இடையில் யாரும் எடுக்க முடியாது. அவசரத்துக்குத் திறக்க வேண்டுமென்றால் எண்பலகையில் ரகசிய எண்ணை அழுத்த வேண்டும். மூன்று முறை தவறாக அழுத்தினால் அரை மணி நேரத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாத்திரை நிரப்ப வாரம் ஒருமுறை தாமே வருவதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

பெட்டியை என் கட்டிலருகே வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு நடந்தாள்.

"அதை ஏன் மேல கொண்டு போறே?"

"பத்திரமா இருக்கட்டும்னுதான்."

"கீழ இருந்தா என்ன?"

"கீழ இருந்தா நீங்க நோண்டுவீங்க. உங்களுக்குத்தான் படி ஏற வராதே. பயிற்சி சொல்லிக் குடுத்தவர்கிட்ட மூணு தடவை சொன்னீங்களே."

என் வாயாலேயே என்னை மடக்கினாள். அப்போதே கட்டிலில் படுத்தபடி ஓர் உறுதி பூண்டேன். பெட்டியைத் திறப்பது. வேண்டும்போது ஒன்று எடுத்துக்கொள்வது. வலியில்லாமல் செப்டம்பர் எட்டை அடைவது. அதற்குள் முழங்கால் தானாக மடங்கிவிடும் என்பது என் நம்பிக்கை.

இதில் எனக்கு ஒரு சாதகம் இருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் தேர்வு அறைகளில் மேற்பார்வை செய்தவன் நான். காப்பியடிக்கும் கலையில் நான் கைப்பற்றாத உத்தி கிடையாது. அவற்றுள் ஒன்றையேனும் நானே கையாள்வேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

இரவு எட்டு மணிக்கு அவள் மேலே போனாள். நான் கீழே படுத்தபடி காது கொடுத்தேன். நான்கு முறை 'கீக்' என்று ஒலித்தது. பிறகு மாத்திரையோடும் தண்ணீரோடும் இறங்கி வந்தாள். ஆக, நான்கு இலக்க எண். வினாத்தாளில் பாதி வெளியாகிவிட்டது.

தினமும் இரண்டு மணிக்கு அவள் எதிர்வீட்டுக்குப் போவது வழக்கம். அங்கே இருப்பவர் மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். தெரு முழுவதற்கும் அவர் 'ஹெட் சிஸ்டர்'. இருவரும் சன்னல் ஓரம் உட்கார்ந்து தேநீர் அருந்தினால் நாலரை மணிக்குத்தான் எழுந்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை அவள் தலை மறைந்ததும் நான் எழுந்தேன். இரு கைகளாலும் கைப்பிடியைப் பற்றினேன். பதினான்கு படிகள். எட்டாவது படியில் என் பிறந்த நாள் முதலான எல்லா நாள்களையும் நொந்துகொண்டேன். இருந்தும் ஏறிவிட்டேன்.

எங்கள் திருமண நாளை அழுத்தினேன். தவறு. அவள் பிறந்த நாள். தவறு. எங்கள் மகள் பிறந்த ஆண்டு. மூன்றாவது தவறுக்குப் பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டியது. அதே நேரத்தில் கீழே தொலைபேசி அடித்தது.

கைப்பேசி வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்குக் கிடையாது. வீட்டுத் தொலைபேசி என் கட்டிலருகே இருக்கிறது. எடுக்காவிட்டால் பதறி ஓடி வருவாள். பதினான்கு படிகளையும் இறங்கி, கட்டிலில் விழுந்து, எடுத்தேன்.

"என்னங்க பண்றீங்க?"

"படுத்திருக்கேன்."

"ஏன் மூச்சு வாங்குது?"

"படுத்துப் படுத்துக் களைச்சுப் போச்சு."

"சரி, அசையாம இருங்க. ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க."

நெஞ்சு நெகிழ்ந்தது. நாற்பத்தோராண்டு இல்வாழ்க்கையில் எதிர்வீட்டிலிருந்து அவள் என்னை நலம் விசாரித்ததே இல்லை. அரை மணி கழித்து மறுபடி ஏறினேன். அவள் பணியில் சேர்ந்த நாள், ஓய்வு பெற்ற நாள், எங்கள் வீட்டுக் கதவு எண். சிவப்பு விளக்கு. கீழே தொலைபேசி.

"தண்ணி குடிச்சீங்களா?"

"குடிக்கிறேன்."

இவ்வாறு தினமும் நான்கைந்து முறை. அவள் அன்பு பெருகிக்கொண்டே போனது. ஒரு நாள் தலையணை சரியாக இருக்கிறதா என்றாள். ஒரு நாள் காற்றாடி ஓடுகிறதா என்றாள். இன்னொரு நாள், ஒன்றும் இல்லை, உங்கள் குரலைக் கேட்கலாமென்று தோன்றியது என்றாள். திருமணமான புதிதில்கூடச் சொல்லாததை முழங்கால் மாற்றிய பிறகு சொல்கிறாளே என்று எனக்குக் கண் கலங்கியது. குற்ற உணர்வும் கொஞ்சம் இருந்தது. ஆனாலும் அரை மணி ஆனதும் ஏறினேன்.

தேதிகள் தீர்ந்தபின் அறிவியலுக்குத் திரும்பினேன். எண்பலகையில் முகப்பவுடரை மெல்லத் தூவி வைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் நான்கு பொத்தான்களில் மட்டும் பவுடர் கலைந்திருந்தது. இரண்டு, ஐந்து, ஏழு, ஒன்பது. நான்கு எண்களை இருபத்து நான்கு விதமாக அடுக்கலாம். மதிப்பெண் பதிவேடு போலக் கோடு போட்டு, இருபத்து நான்கையும் எழுதி, ஒன்றொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். எட்டு முறை மாடி ஏறியும் பயனில்லை. மறுபடி பவுடர். இம்முறை ஒன்று, மூன்று, ஆறு, எட்டு. ஆக, எண்ணை அடிக்கடி மாற்றுகிறாள். எதிராளியின் திறமையை மதிக்க எனக்குத் தெரியும். புதிய பக்கம் திருப்பினேன்.

இடையில் இரண்டு செய்திகளை நான் போதிய கவனத்தோடு பார்க்கவில்லை. ஒன்று, நாளுக்கு இரண்டாக வந்த மாத்திரை இரண்டாம் வாரத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. நான் குறை சொல்லவில்லை. வலியை நினைக்க நேரம் இல்லை. உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகு எனக்கு மாத்திரை வேண்டியிருக்கவில்லை, எண்தான் வேண்டியிருந்தது. மற்றொன்று, எங்கள் படிக்கட்டுச் சன்னலும் எதிர்வீட்டுச் சன்னலும் நேருக்கு நேர். ஒரு நாள் ஏறும்போது அங்கே பார்த்தேன். தட்டில் நான்கு கோப்பைகள் இருந்தன. கூட்டம் சேர்கிறதே, தேநீர் நன்றாக இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு மேலே போனேன்.

செப்டம்பர் எட்டாம் தேதி வந்தது. மருத்துவர் என் காலைப் பிடித்து மடக்கினார். கோணமானியை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"நூத்திப் பன்னெண்டு," என்றார். "என்ன ஐயா பண்ணீங்க?"

எனக்கே வியப்பு. ஆனால் கேட்ட கேள்விக்கு விடை தெரியாதவன்போல் நிற்பது என் பழக்கமன்று. மனவுறுதியைப் பற்றிச் சொன்னேன். நேரந்தவறாமையைப் பற்றிச் சொன்னேன். வலியைப் பொருட்படுத்தாமல் உடலை ஆளும் மனத்தைப் பற்றி ஐந்து நிமிடம் உரையாற்றினேன். செவிலிப்பெண் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். என் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் முன்வரிசைப் பிள்ளைபோல் தலையாட்டினாள்.

"நீங்க ஏதாவது சொல்றீங்களாம்மா?" என்றார் மருத்துவர்.

அவள் கைப்பைக்குள் கையை விட்டாள். கைப்பேசியைத் திறந்து அவரிடம் நீட்டினாள். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். முதலில் புருவம் உயர்ந்தது. பிறகு தோள்கள் குலுங்கின. கடைசியில் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெட்டியில் மூன்று முறை தவறான எண் விழுந்தால், விளக்கு எரிவதோடு நிற்பதில்லையாம். அவள் கைப்பேசிக்குச் செய்தியும் போகுமாம். மொத்தம் தொண்ணூற்றேழு செய்திகள். ஒவ்வொன்றும் வந்ததும் ஒரு தொலைபேசி அழைப்பு. நான் மேலேயே உட்கார்ந்துவிடாமல் இறங்கிவர வேண்டுமே.

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் பொறுக்க முடியவில்லை.

"விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"ஹெட் சிஸ்டர் அக்கா சன்னல்ல இருந்து கண்ணை எடுக்கவே இல்லீங்க. மூணு நாள் பார்த்துட்டு, ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் ஏறுறாரு, பயமில்லன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் மத்தவங்களைக் கூப்பிட்டோம்."

"எதுக்கு?"

"நல்லா இருந்துச்சு, அதான்."

தோற்றவன் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. கேட்டேன்.

"சரி, அந்த நம்பர்தான் என்ன?"

"எனக்கு எப்படித் தெரியும்? மருந்துக்கடைக்காரர் போட்டது. என்கிட்ட சொல்லாதீங்கன்னு நான்தான் சொன்னேன். பாங்க்ல லாக்கர் வச்சிருக்கிறவங்க சாவியை நாங்க தொட்டதே இல்ல."

"தினமும் நாலு தடவை அமுக்கினியே. நான் கேட்டேனே."

"நேரமானா மாத்திரை தானா விழுந்துடும். நம்பரே தேவையில்ல. நீங்க கீழ காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருப்பீங்கன்னு தெரியும். அதான் ஏதோ நாலைத் தட்டிட்டு வந்தேன். பவுடரைத் துடைக்கிறதுதான் பெரும்பாடாப் போச்சு."

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். செப்டம்பர் பதினைந்தாம் தேதியோடு மாத்திரைகள் முற்றிலும் நின்றன. பதினாறாம் தேதி மருந்துக்கடைக்காரர் வந்து பெட்டியை எடுத்துச் சென்றார். இப்போது அது நான்கு தெரு தள்ளி, ஓய்வு பெற்ற காவல் அதிகாரி ஒருவரின் வீட்டு மாடியில் இருக்கிறது. அவருடைய மனைவி என் மனைவியிடம் வந்து ஒரு மணி நேரம் ஆலோசனை கேட்டுவிட்டுப் போனார். எனக்கு மயக்க மருந்து தேவைப்படவில்லை. அக்டோபர் மாதப் பரிசோதனையில் முழங்கால் நூற்றிருபது பாகை மடங்கியது. எதிர்வீட்டிலிருந்து தொலைபேசி வருவது நின்றுவிட்டது.

இந்தக் கதையை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. பேனாவை அவள் கீழே வைத்திருந்தாள்; தாள்களை மாடியில் வைத்திருந்தாள்.