சாமிக்குக் கவுன்சலிங் கொடுத்த கதை

நான் சண்டைக்காரி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டிருக்கிறேன். கேஸ் சிலிண்டர்காரரோடு போட்டிருக்கிறேன். கல்யாணமான மறுவாரமே, சொதிக்குத் தேங்காயின் இரண்டாம் பால் எப்போது ஊற்றுவது என்று மாமியாரோடு வாதாடிப் படுதோல்வி அடைந்திருக்கிறேன். ஆனால் ஊரே கூடி நிற்க, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சாமியோடு சண்டை போட்டது ஒரே ஒரு தடவைதான். அதில் நான்தான் ஜெயித்தேன் என்று சொன்னால் எங்கம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு வருவாள். அதனால் சமாதானமாகப் போனோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. வீடு தச்சநல்லூரில். வேலை, ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில். முதல் வேலை, அறிவியல் டீச்சர். அந்த வருஷம் உயர்கல்வி வழிகாட்டுதல் என்று ஒரு பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். (மற்ற டீச்சர்கள் எல்லோருக்கும் அன்றைக்குப் பார்த்து ஏதோ ஒரு வலி.) 'கல்லூரியைப் பற்றிப் பிளஸ் டூ முடித்த பிறகு யோசிக்கக் கூடாது, ஒன்பதாம் வகுப்பிலேயே யோசிக்க வேண்டும்' என்று அங்கே சொன்னார்கள். நான் அதைக் கேட்டுவிட்டு, இந்தத் தாமிரபரணிக் கரையிலேயே இந்த உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்போடு பஸ் ஏறினேன்.

வந்ததும் சார்ட் வாங்கினேன். கலர் ஸ்கெட்ச் வாங்கினேன். எந்தப் பாடப்பிரிவு எடுத்தால் எந்தக் கல்லூரிக்குப் போகலாம் என்று அம்புக்குறி போட்டு வரைந்தேன். சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஊர்க் குழாய் லைன் படம் மாதிரி இருக்கிறது என்று எங்கப்பா சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை.

இவ்வளவு வேகத்துக்கும் காரணம் ஒரு பிள்ளை. பத்தாம் வகுப்பு இசக்கி. இலையில் புள்ளி விழுந்த வாழையைப் பார்த்தால் போதும், பிய்த்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்து, "டீச்சர், இது என்ன சீக்கு? மருந்து இருக்கா?" என்று கேட்பாள். அவளுக்கு விவசாயக் கல்லூரியில் படிக்க ஆசை. அதற்குப் பதினொன்றாம் வகுப்பில் பயாலஜி எடுக்க வேண்டும். நடந்து போகிற தூரத்தில் இருந்த பள்ளியிலோ காமர்ஸ் மட்டும்தான். பயாலஜி வேண்டுமென்றால் பஸ் ஏறி ஸ்ரீவைகுண்டம் போக வேண்டும். அடுத்த ஜூனில் அவளை எந்தப் பள்ளியில் சேர்க்கிறார்களோ, அதோடு அவள் தலையெழுத்து முடிந்தது.

அவள் அப்பா பலவேசம் வாழைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர். அதிர்ந்து பேச மாட்டார். வீட்டுக்கே போய்ப் பேசினேன்.

"பொட்டப்பிள்ள பஸ் ஏறிப் போயித்தான் படிக்கணுமா டீச்சர்? இங்கன பக்கத்துலயே பள்ளிக்கூடம் இருக்குல்லா. அங்க சொல்லியும் வச்சாச்சு."

"அண்ணாச்சி, அங்க பயாலஜி கிடையாதே!"

"இல்லாட்டா என்ன டீச்சர், இருக்கத படிக்கட்டும்" என்றார் பைய. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கத்துகிற ஆளோடு நான் எத்தனை நாள் வேண்டுமானாலும் மல்லுக்கட்டுவேன். பேசாத ஆளிடம் என்ன செய்ய? அவர் மனைவி பேச்சியம்மாள் வாசல் வரை வந்து, "நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன் டீச்சர். வாயத் தொறந்தாத்தான!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சரி, ஊரையே கூட்டிப் பேசிவிட வேண்டியதுதான் என்று பெற்றோர் கூட்டத்துக்கு நாள் குறித்தேன். ஆடி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலண்டரைப் பார்த்தேன், பரீட்சை இல்லை. முகூர்த்தமும் இல்லை. எனக்கு ஒரே பெருமை. அன்றைக்கு அந்த ஊர்ச் சுடலைமாடசாமிக்குக் கொடை விழா என்பது என்னைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர் சொல்லவில்லை. 'டீச்சருக்குத் தெரியாமலா வச்சிருப்பாக' என்று இருந்துவிட்டார்களாம்.

கூட்டத்தன்று காலையில் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. பெற்றோரைக் கிளப்பிக் கூட்டிவர வீட்டில் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். (எம்.எஸ்சி. படித்த மூளை.) அம்மாவின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, சார்ட்டை எல்லாம் மாட்டிவிட்டு, டீயும் முறுக்கும் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். நாற்காலிகள் காத்திருந்தன. முறுக்கு காத்திருந்தது. தூரத்தில் மேளச் சத்தம் கேட்டபோது, யார் வீட்டிலோ சடங்கு போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் புதுப்பாவாடையும் கனகாம்பரமுமாக இசக்கிதான் ஓடிவந்தாள்.

"டீச்சர், ஒருத்தரும் வரமாட்டாக. எல்லாரும் கொடைல நிக்காக."

"கொடையா? இன்னைக்கா?"

"ஆமா டீச்சர். மத்தியானக் கொடை. அப்பாதான சாமியாடி. ஒங்களுக்குத் தெரியாதா?"

வந்ததே எனக்குக் கோபம்! யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சார்ட்டை எல்லாம் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினேன். ஜனம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கூட்டம் என்று கிளம்பிவிட்டேன்.

கோயிலில் நிற்க இடமில்லை. பனைமரம் பனைமரமாக ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். கோயில் தலைவர் அண்ணாச்சியிடம் போய், "ஒரே ஒரு அஞ்சு நிமிஷம் மைக் வேணும்" என்றேன். அவர் என்னையும் பார்த்தார், என் கக்கத்தையும் பார்த்தார். "ஏலே, மேளத்த நிறுத்துங்கலே. டீச்சர் என்னமோ சொல்லணுங்காக" என்று மைக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். சார்ட்டுகளை மாவிலைத் தோரணக் கயிற்றிலேயே மாட்டினேன். பந்தலுக்கு அதுவும் ஒரு லட்சணமாகத்தான் இருந்தது.

"பெருமதிப்பிற்குரிய பெற்றோர்களே! உயர்கல்வி என்பது ஒரு நீண்ட பயணம்" என்று ஆரம்பித்தேன். அங்கே ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும் என்று வீட்டுக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்தேன். விட்டேன். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து மேளக்காரர்கள் வெளுத்து வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். பலவேசத்துக்கு அருள் வந்துவிட்டது.

அந்த மனுஷனா இந்த மனுஷன்! கச்சையும் சலங்கையும் கையில் வல்லயம் என்கிற ஈட்டியுமாக அவர் குதித்த குதியில் தரை அதிர்ந்தது. ஒவ்வொருவராக முன்னால் போய்க் குறி கேட்டார்கள். மகனுக்குக் கல்யாணம் எப்போது, கிணற்றில் தண்ணீர் ஊறுமா, பசுமாடு சினை பிடிக்குமா என்று ஆளுக்கொரு கேள்வி. சாமி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி மஞ்சணைக் குழம்பை நெற்றியில் பூசியது. நான் மைக்கோடு ஓரமாக நின்றேன். அதை அணைக்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சியம்மாள் வந்தார். இசக்கியையும் கையைப் பிடித்து இழுத்து வந்தார். கட்டின புருஷன் முன்னால் போய்க் கைகூப்பி நின்று, "சாமி! எம் மவள பஸ்ல அனுப்பி ஸ்ரீவைகுண்டத்துல படிக்க வைக்கட்டா? ஒரு வாக்குச் சொல்லும் சாமி!" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. வீட்டில் வாயைத் திறக்காத புருஷன் சாமியாக வந்தால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்! இப்படி ஒரு வழி பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சாமி பல்லைக் கடித்தது. "வேண்டாம்! பொட்டப்பிள்ள எல்லையத் தாண்டப்படாது!"

இசக்கி முகம் செத்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ!

"அதெப்படி சாமி?"

நான் மெதுவாகத்தான் சொன்னேன். பனைமரங்கள் எல்லாம் திருப்பிச் சொல்லின. 'அதெப்படி சாமி' என்று ஆற்றுக்கு அந்தக் கரை வரை கேட்டதாம். மேளம் நின்றது. நடந்துகொண்டிருந்த ஒரு கிழட்டு ஆடுகூட நின்றது. சாமி என் பக்கம் திரும்பியது. நான் ஓரடி பின்னால் வைத்தேன். பின்னால் இருந்தது மேளம். அதன் மேல் தொப்பென்று உட்கார்ந்தேன்.

"டீச்சர், பைய எந்திரிங்க, புதுத் தோலு" என்றார் மேளக்காரர்.

சாமி கிட்டே வந்து நின்றது. "யாரு நீ?"

"எம்.எஸ்சி., பி.எட்., சாமி" என்றேன்.

சாமி அடிக்கவில்லை. இனி உயிர் போனாலும் போகட்டும் என்று எழுந்து சார்ட் பக்கம் போனேன். "இங்க பாருங்க சாமி. இவ பயாலஜி எடுத்தா இந்த அம்பு வழியா விவசாயக் கல்லூரிக்குப் போகலாம். காமர்ஸ் எடுத்துட்டா இந்த வழி அடைச்சுப் போச்சு. அப்புறம் நீங்களே வந்து நின்னாலும் விண்ணப்பம் வாங்க மாட்டாங்க!"

கூட்டத்தில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி வல்லயத்தை ஊன்றிக்கொண்டு சார்ட்டை மேலிருந்து கீழ் வரை பார்த்தது. பிறகு உறுமியது.

"பஸ்ஸு எத்தன மணிக்கு?"

சத்தியமாக இதைத்தான் கேட்டது.

"ஏழே முக்காலுக்கு, சாமி. சாயந்தரம் அஞ்சரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துருவா."

"கூட யாரு போவா?"

அதைக் கேட்ட பிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அவருக்கு அம்புக்குறியில் சந்தேகமே இல்லை. பிள்ளை ஒத்தையில் போக வேண்டுமே என்ற பயம்தான். வீட்டில் பேசாத பேச்சு அது. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினேன். "இதுக்குத்தான் இப்பவே யோசிக்கச் சொல்லுதேன்! ஜூன் மாசம் வந்தபிறகு யோசிச்சா ஆளுக்கொரு பக்கம் போவீங்க. இப்பவே பேசி வச்சா நாலு பிள்ளைக சேந்து போகும். யாரு அனுப்புதீங்க, சொல்லுங்க!"

முதலில் பொங்கப்பானை வரிசையில் இருந்து ஒரு குரல், "எம் மவளும் போவா!" இன்னொரு பக்கம், "எங்க வீட்டுப் பிள்ளையும்!" ஒருவர் கோழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே கையைத் தூக்கினார். (கோழியும் சம்மதித்த மாதிரிதான் இருந்தது.)

சாமி இசக்கி நெற்றி நிறைய மஞ்சணை பூசியது. "எல்லையத் தாண்டிப் போ! நான் தொணைக்கு வாரேன்!"

குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. பேச்சியம்மாள் ஓவென்று அழுதார். நானும் அழுதேன், வெட்கமே இல்லாமல். அந்தச் சந்தோஷத்தில் சாமி ஒரு குடம் மஞ்சத்தண்ணீரைத் தூக்கி எல்லார் மேலும் ஊற்றியது. முக்கால்வாசி என் மேல்தான். அம்மாவின் பட்டு போச்சு. சார்ட்டில் மை கரைந்து, என்ஜினீயரிங் வழிந்து சட்டக் கல்லூரிக்குள் போய்விட்டது.

அப்படியே மஞ்சக்கோலத்தில் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. "ஏட்டி, ஒனக்கு எதுத்துப் பேச வேற ஆளே கெடைக்கலையா?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் அம்மா. வருஷா வருஷம் என்னை அந்தக் கோயிலில் பொங்கலிட வைப்பதாக அப்போதே நேர்ந்தும்விட்டாள்.

மறுநாள் பலவேசம் பள்ளிக்கு வந்தார். பழைய மாதிரியே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சாமி என்ன சொல்லிச்சோ அதான் டீச்சர். எனக்கு ஒண்ணும் நெனவில்ல" என்றார். நானும் தலையாட்டினேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"அந்த ஏழே முக்கா பஸ்ஸு, நம்ம ஊரு வெலக்கு ரோட்டுல நிக்குமா டீச்சர்?"

நிற்கும் என்றேன்.

அடுத்த ஜூனில் ஐந்து பிள்ளைகள் சேர்ந்து அந்த பஸ்ஸில் ஏறினார்கள். முதல் நாள் பலவேசமும் ஏறினார். ஒரு வாரம் கழித்துத்தான் இறங்கினார். இன்றைக்கு இசக்கி வேளாண்மை அலுவலர். அவள் ஜீப்பில் வந்து வாழை இலையைப் பார்த்து மருந்து சொன்னால், அவள் அப்பாதான் முதல் ஆளாக அடிக்கிறார்.

என் வீட்டில் நிலைமை வேறு. நான் குரலை உயர்த்தினால் போதும், என் கணவர், "சாமியே ஒங்கிட்ட பஸ் டைம் கேட்டுட்டுப் போயிட்டுது, நான் எம்மாத்திரம்?" என்று துண்டை உதறிவிட்டுப் போய்விடுவார். மாமியார் மட்டும் இன்னும் மசியவில்லை.

நேர்த்திக்கடன் பொங்கலுக்கு இப்போதும் ஆடிக்கு ஆடி போகிறேன். சார்ட்டும் கொண்டுபோகிறேன், பிளாஸ்டிக் உறை போட்டு. கொடை நோட்டீஸில் மேளத்துக்கும் சாமியாட்டத்துக்கும் நடுவில் 'டீச்சரின் கல்லூரி விளக்கம்' என்றே அச்சடித்துவிடுகிறார்கள். போன வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா குறி கேட்க வந்தார். "சாமி, இவள என்ன படிக்க வைக்கட்டும்?"

தலைமுடி நரைத்த பலவேசத்தின் மேல் இறங்கி ஆடிக்கொண்டிருந்த சாமி சட்டென்று நின்றது. வல்லயத்தை நீட்டி என்னைக் காட்டியது.

"அது டீச்சர் டிபார்ட்மெண்டு. அங்கன போயி கேளு!"