பாவ்லொவ்ஸ்க்கில் ஒரு வாழை மரம்

"அணில் உன்ரை கையிலை ஏறினதோ?"

அந்தக் கிழமையில் ஸோயா இதைக் கேட்பது எத்தனையாவது தடவையோ. அலுவலகச் சாப்பாட்டு மேசையில் ராகவி வாயிலிருந்த பாண் துண்டைத் தண்ணீரோடு விழுங்கினாள்.

"ஓம், ஏறினது."

"எந்தக் கையிலை?"

எந்தக் கை என்று பொலிஸ்காரன்கூடக் கேட்கமாட்டான்.

"வலது கை."

"என்ன குடுத்தனீ?"

"கச்சான் கடலை."

ஸோயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கச்சானோ," என்றாள். பிறகு மண்ணிறச் சீஸ் வைத்த தன் பாணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, பிடித்துவிட்டாள் என்று ராகவி நினைத்தாள்.

ராகவி பாவ்லொவ்ஸ்க்குக்குப் போனதே இல்லை. ரஷ்யாவில் பீட்டர்ஸ்பேர்க் நகரத்துக்கு வெளியே, அரண்மனையும் ஆறும் காடுமாகக் கிடக்கும் அந்தப் பழைய ஊரை அவள் கண்டது நூலகப் புத்தகம் ஒன்றில் மட்டும்தான்.

எல்லாம் இந்த வேலைக்கான நேர்முகத்தில் தொடங்கியது. பூங்காக்களுக்கு வரைபடம் போடும் அலுவலகம். "நீ நேரிலை பாத்த பழைய பூந்தோட்டங்களிலை உன்னை உலுக்கினது எது?" என்று மேலாளர் ஷெர்ஸ்தி கேட்டாள். ராகவிக்கு முன்னால் போனவன், தன் சின்ன வயதுக் கோடைகளெல்லாம் பிரான்ஸ் தோட்டங்களில் கழிந்ததாக வெளியில் காத்திருந்தபோது அளந்துகொண்டிருந்தான். ராகவியின் கோடைகள் ட்வெய்ட்டா அடுக்குமாடிகளில் கழிந்தன. துப்புரவு வேலை செய்த அம்மா புஷ்பராணி மாடிப்படிகளைத் துடைத்துக்கொண்டு இறங்க, இவள் பின்னால் வாளி தூக்கினாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அந்த வாளியைச் சொல்ல வெட்கம். வெட்கப்படுகிறோமே என்று தன்மேலேயே ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் வாயில் வந்து விழுந்த ஊர்தான் பாவ்லொவ்ஸ்க். ரஷ்யா நடத்தும் இந்த யுத்தத்துக்குள் ஒருத்தரும் அங்கே போய்ச் சரிபார்க்கமாட்டார்கள் என்ற கெட்டித்தனம் வேறு.

ஊரே எழும்பி அலுவலகத்துக்கு வரும் என்று அவள் கண்டாளா?

போன மாதம் வரைபடப் பிரிவுக்கு ஸோயா வந்து சேர்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசாத மனுசி. ஷெர்ஸ்தி கையைத் தட்டிக்கொண்டு சொன்னாள்: "ஸோயா, நீ பிறந்து வளர்ந்த இடத்துக்கு எங்கடை ராகவி போனவள்!"

அன்று தொடங்கிய விசாரணை. ராகவி தினமும் வெஸ்ட்லிக்குப் போகும் ரெயினில் போனைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் படித்தாள். பாதி குதிரை, பாதி மனிதச் சிலைகள் நிற்கும் பாலம். ஆற்று வளைவில் வட்டமாக ஒரு கோயில். பட்டப் படிப்புக்குக்கூட அவள் இப்படிப் படித்ததில்லை. தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. பொய்க்காரி என்று தெரிந்தால் ஷெர்ஸ்தி சிரித்த முகத்தோடே வாசலைக் காட்டிவிடுவாள்.

கச்சான் கதை ஷெர்ஸ்தியின் காதிலும் விழுந்துவிட்டது.

"எவ்வளவு வடிவாக் கதைக்கிறியள்! வாற வெள்ளி மத்தியானச் சாப்பாட்டோடை எல்லாருக்கும் சொல்லுங்கோ. ராகவி, படங்கள் இருக்குத்தானே?"

"அந்தப் போன் துலைஞ்சிட்டுது."

"கூடப் போன ஆக்களிட்டை இருக்குமே? ஆரோடை போனனீ?"

"அம்மாவோடை," என்றாள் ராகவி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

"அப்ப அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா!"

"ஐயோ, அவவுக்கு முழங்கால் வருத்தம். படத்தை நான் எடுத்துக்கொண்டு வாறன்."

இல்லாத படத்துக்கு எங்கே போவது?

சனிக்கிழமை வெஸ்ட்லி ஹோலில் மாமியின் மகள் டிலக்சிக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையானதற்கான கொண்டாட்டம். படியேறி உள்ளே போன ராகவி வாசலிலேயே நின்றுவிட்டாள். மேடையின் பின்சீலையில் சுவரை முட்டிக்கொண்டு, பாவ்லொவ்ஸ்க் புத்தகத்தில் கண்டது மாதிரியே ஒரு மஞ்சள் அரண்மனை. வெள்ளைத் தூண்கள். முன்னால் புல்வெளி.

"ரிசாந், இது எந்த இடம்?"

மேடை அலங்காரம் செய்யும் ரிசாந் ஏணியில் நின்றபடி சிரித்தான். "ஆருக்கக்கா தெரியும்? இணையத்திலை எடுத்தனான். தூண் நிண்டாச் சனத்துக்குப் பிடிக்கும்."

"டிலக்சி, ஒருக்கா எழும்பி அங்காலை நில்லு."

"அக்கா, இண்டைக்கு என்ரை சாமத்தியவீடு!"

"உனக்கு நாள் முழுக்கக் கிடக்கு. எழும்பு."

ராகவி பட்டுச்சீலைக்கு மேல் குளிர் ஜக்கெற்றை மாட்டிக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினாள். ஹோலில் இருந்த அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பலகாரத் தட்டோடு அம்மா ஓடிவந்தாள்.

"என்னடி கோலம் இது? சனம் பாக்குது!"

"குளிருதம்மா."

"ஹோலுக்கை குளிருதோ? எனக்கு இஞ்சை வேர்த்துக் கொட்டுது!"

"அம்மா, நீங்களும் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வாங்கோ. ரெண்டுபேரும் நிண்டு ஒரு படம் எடுப்பம்."

அம்மா தட்டை அப்படியே கீழே வைத்தாள். "நீயோ? என்னோடையோ?" என்று கேட்டாள். ஏன் ஜக்கெற் என்று அதற்குப் பிறகு கேட்கவில்லை. தலையைத் தடவிச் சரிசெய்துகொண்டு, மகளின் தோளில் கைபோட்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். அம்மாவோடு கடைசியாக எப்போது படம் எடுத்தோம் என்று ராகவிக்கு நினைவில்லை. ஜக்கெற்றுக்குள் உடம்பு கூசியது.

வெள்ளிக்கிழமை வந்தது. படத்தின் கீழ்ப்பக்கத்தை வெட்டிச் சீலைக்கரையை மறைத்தாயிற்று. அலுவலகச் சுவரில் படம் ஆளுயரத்துக்கு விரிந்தது.

"அம்மாவுக்கு என்ன சந்தோசம்!" என்றாள் ஷெர்ஸ்தி.

"நாங்கள் போன நேரம் நல்ல குளிர்..." என்று தொடங்கினாள் ராகவி.

"அந்தப் பக்கத்திலை நிக்கிறது வாழை மரமோ?" என்று ஒருத்தன் கேட்டான். பூங்கா வரைகிறவர்களுக்கு மரம் தெரியாமல் இருக்குமா?

ரிசாந் மேடையில் வைத்த பிளாஸ்டிக் வாழை, குலையோடு, தூணுக்குப் பக்கத்தில் நின்றது.

"அது... அரசகுடும்பத்தின்ரை கண்ணாடி வீட்டு வாழை. வெய்யில் நாளிலை வெளியிலை தூக்கி வைப்பினம்."

"குளிர் எண்டு சொன்னனீ?"

"வெய்யிலோடை குளிர்."

ஸோயா எழுந்து சுவருக்குக் கிட்டப் போனாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, படத்தின் மேல்மூலையை உற்றுப் பார்த்தாள். ராகவியும் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய எழுத்து என்றபடியால் சின்னத் திரையில் அது கண்ணில் பட்டிருக்கவில்லை. இப்போது முழத்துக்கு முழம் நின்றது: *ரிசாந் மணவறைச் சேவை.*

"என்ன வடிவான எழுத்து!" என்றாள் ஷெர்ஸ்தி. "அது என்ன?"

ராகவி வாயைத் திறந்தாள். மூளை ஓடவில்லை, வாய் மட்டும் ஓடியது. "பழைய... பழைய ரஷ்ய எழுத்து."

சொல்லிவிட்டாள். ஒரு ரஷ்யாக்காரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள். எல்லோரும் ஸோயாவைப் பார்த்தார்கள். ராகவி மேசைக்காலைப் பார்த்தாள்.

ஸோயா மெதுவாகத் திரும்பினாள்.

"ஓம், சரியான பழசு," என்றாள். "இப்ப ஒருத்தரும் பாவிக்கிறதில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் ராகவியின் கன்னத்தில் விழுந்தது.

கோப்பை கழுவும் இடத்தில் ஸோயா தனியாக நின்றாள். ராகவி பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"நான் பாவ்லொவ்ஸ்க் போகேல்லை. ஒரு இடமும் போகேல்லை. எனக்குத் தெரிஞ்சது ட்வெய்ட்டா மாடிப்படி. அம்மா துடைச்சா, நான் வாளி தூக்கினனான். அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பொய் சொன்னனான். அந்தப் படம் எங்கடை ஆக்களின்ரை ஒரு கொண்டாட்டம். அம்மாவுக்கு எதுக்கு எடுத்ததெண்டே தெரியாது, பாவம். நீ ஷெர்ஸ்தியிட்டைப் போய்ச் சொல்லு. சொன்னாலும் எனக்குக் கோபமில்லை."

ஸோயா ஒரு கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்தாள்.

"அந்த மஞ்சள் அரண்மனை துருக்கியிலை ஒரு ஹோட்டல்," என்றாள். "ரஷ்யாக்காரர் எல்லாரும் போறது. பின்பக்கத் தடாகத்திலை நான் நீந்தினனான்."

ராகவிக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. "அப்ப உனக்கு..."

"முதல் நாளே தெரியும். எங்கடை பூங்காவைப் பற்றிச் சொன்ன ஒவ்வொண்டையும் நீ புத்தகம் மாதிரிச் சொன்னனீ."

"தெரிஞ்சுகொண்டே ஏன் என்னை நாள் நாளாப் போட்டு வதைச்சனீ? அணில், எந்தக் கை, என்ன குடுத்தனீ எண்டு?"

ஸோயா கண்ணாடியைக் கழற்றி, அதே கோப்பைத் துணியால் துடைத்தாள்.

"ரஷ்யாக்காரி எண்டு சொன்ன உடனை இஞ்சை எல்லாரும் கதையை விட்டிட்டுத் தங்கடை பாணைப் பாக்கினம், ராகவி. பொய்க்கெண்டாலும் என்ரை ஊருக்குப் போய்வந்தது நீ ஒருத்திதான்."