உத்தரம் முட்டிய கதை

பி.ஏ. பாஸ் செய்தவன் கையில் ரம்பத்தைக் கொடுக்கக் கூடாது. அதிலும் அவன் கணிதம் எடுத்துப் பாஸ் செய்தவனாக இருந்தால், வீட்டில் உள்ளவர்கள் தெருவில் போய் நின்றுகொள்வது உத்தமம். நான் கணிதம்.

திருநெல்வேலியில் மாமா வீட்டில் தங்கிப் படித்துவிட்டு, சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாவாகத் திருவனந்தபுரத்துக்குத் திரும்பியிருந்தேன். ஊருக்கு மின்சார விளக்கு வந்த புதிது. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அது அத்தனை பழைய வீடு. கூடத்திலிருந்து உள்ளே போகும் வழியில், மச்சைத் தாங்கும் தேக்கு உத்தரம் தாழ்வாக ஓடியது. நாங்கள் பழக்கத்தில் குனிந்துவிடுவோம். (அப்பா கோயிலில்கூட அவ்வளவு பவ்யமாகக் குனிந்ததில்லை.)

அந்தச் சமயம் என் தங்கை அலமேலுவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பி.ஏ. என்று சொல்லியிருந்தார்கள். நல்ல உயரம். நான் பழவங்காடிக்கு வாழைப்பழம் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்து, பையன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே படியிறங்கிக்கொண்டிருந்தான். அப்புறம் தகவலே இல்லை. ஏற்கெனவே வந்த இடங்களும் தட்டிப்போயிருந்தன. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

என் ஆபீஸ் சிநேகிதர் குறுப்பு, பையனின் அப்பாவுக்கும் வேண்டியவர். விசாரித்துவந்து சொன்னார்:

"பையனு உத்தரம் முட்டிப் போயி, சாமி. அதுகொண்டாணு அவரு ஒண்ணும் பறயாத்தது."

மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நான் நம்பிய காலம் அது. வந்த இடத்தில் பையன் உத்தரத்தில் தலையை முட்டிக்கொண்டிருக்கிறான். சகுனத்தடை என்று நினைத்து, அதனால்தான் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார்கள். நெற்றியைத் துடைத்ததை நானே பார்த்தேனே.

"உத்தரத்தை நான் சரி பண்ணிடறேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்கோ" என்றேன். குறுப்புக்கு ஏக சந்தோஷம்.

ஆசாரியைக் கூப்பிடச் சொன்னாள் அம்மா. ஒரு மரக்கட்டைக்கு ஆசாரியா என்று சிரித்தேன். உத்தரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு தலை போகிற அளவுக்கு வளைவாக வெட்டினால் போதும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். காகிதத்தில் மச்சு கிடையாது. மச்சின் மேல் இருந்த புளிப்பானையும் கிடையாது.

இரவல் ரம்பத்தால் அறுத்து, உளியால் கொத்தி முடித்தபோது உத்தரம் லேசாக முனகியது. உலக்கையை எடுத்து முட்டுக் கொடுத்தேன். முனகல் நின்றது. எனக்கு என்மேலேயே மரியாதை உண்டாயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டுப் பார்க்கிறேன், உலக்கையைக் காணோம். பெண் பார்க்க வருகிற நேரத்தில் வழியை மறித்து உலக்கை நிற்கலாமா என்று அம்மா அதை அடுக்களை மூலையில் சாத்தியிருந்தாள். உத்தரமோ அப்படியே நின்றது. சரி, முட்டே தேவையில்லை போலிருக்கிறது என்று எண்ணினேன்.

"சாமி, உத்தரம் தயாராணல்லோ?" என்றார் குறுப்பு.

நான் பெருமையோடு மேலே காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்து விழித்தார். நான் பையனிடம், "நிமிர்ந்தே உள்ளே வாங்கோ" என்றேன். அவனும் எழுந்து நிமிர்ந்து வந்தான். வளைவுக்கு நேர்கீழே வந்தபோது அலமேலு எதிரில் நின்றாள்.

"அன்னிக்குக் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலியே. பி.ஏ. பாஸ் பண்ணியாச்சா, இல்லியா?"

(மலையாளத்தில் உத்தரம் என்றால் பதிலும்தான். உத்தரம் முட்டுவது என்றால் பதில் சொல்ல வழியில்லாமல் திணறுவது. அந்தப் பதிலுக்குத்தான் நான் வழி பண்ணுகிறேன் என்று குறுப்பு சந்தோஷப்பட்டிருக்கிறார். முதல் நாள் அலமேலு இதைக் கேட்டபோது அம்மா அடுக்களையில். அப்பாவுக்குக் காது மந்தம். அலமேலுவை யாரும் விசாரிக்கவில்லை. கல்யாணம் அவளுக்குத்தானே, அவளை எதற்குக் கேட்பது?)

பையன் வாயைத் திறந்தான். உத்தரம் படீரென்று முறிந்தது. மச்சுப் பலகை சரிந்து, புளிப்பானை அவன் காலடியில் விழுந்து உடைந்தது. தூசியும் கரையான் மண்ணும் ஒரு கவளம் புளியும் தலையில் இறங்கின. தங்கையின் வாழ்க்கையை என் கையாலேயே அறுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தூசிக்குள்ளிருந்து குரல் வந்தது: "பாஸ் ஆகலை. இங்கிலீஷில் போயிடுத்து."

அலமேலு சிரித்துவிட்டாள். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்று தலை துடைக்கத் துண்டை நீட்டினாள். உள்ளே போய் அம்மாவிடம், இந்தப் பையனே போதும் என்றாளாம்.

அவர்களுக்கு இப்போது பேரன் பேத்திகள். கேட்ட கேள்விக்குக் குழந்தைகள் மென்று விழுங்கினால் அலமேலு அதட்டுவதில்லை. அண்ணாந்து மச்சைப் பார்ப்பாள்.

"சீக்கிரம் உத்தரம் சொல்லு. இல்லேன்னா மாமாத் தாத்தா ரம்பத்தோட வந்துடுவார்."