ஜன்னலோரத்துச் சுவர்

"அப்பா, பாத்ரூம் கதவு மறுபடியும் மூட மாட்டேங்குது!"

மகளின் குரல் கேட்டதும் அவர் மிக்ஸியை நிறுத்திவிட்டு ஓடினார். தபால் அலுவலகத்தில் ஸ்டாம்பு விற்கும் அவருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் 'நன்றி'. ஸ்டாம்பு வாங்குகிறவர் சொல்ல வேண்டியதை இவர் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். லிஃப்டுக்கும் சொல்வார். மூன்று வருடத்துக்கு முன் தீராத வயிற்றுவலி பாகற்காய்ச் சாற்றில் தீர்ந்ததிலிருந்து பாகற்காய்க்கும் சொல்கிறார்.

அந்த நன்றிக்கடனுக்காகத்தான் காலையும் மாலையும் வீட்டில் ஆளுக்கொரு பெரிய டம்ளர் சாறு. எல்லோரும் சாப்பாட்டு அறை ஜன்னலோரமாக உட்காருவார்கள். அங்கேதான் காற்று வருகிறதாம். அவர் அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் டம்ளர்கள் காலியாகியிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும். இப்படி ஒரு குடும்பம் யாருக்குக் கிடைக்கும்?

கதவுக்கு வருவோம். பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. அடியில் இருப்பது களிமண் என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. இந்தக் கோடையில் மண் காய்ந்து வெடித்ததும் வீடு நெளிய ஆரம்பித்துவிட்டது.

தச்சர் வந்து கதவின் ஓரத்தை இழைத்தார்.

"இப்ப மூடும் பாருங்க சார்."

மூடியது. ஆனால் இரண்டு நாளில் தாழ்ப்பாள் ஒரு பக்கம், அது நுழைய வேண்டிய ஓட்டை ஒரு பக்கம் என்று ஆனது. அன்றிலிருந்து உள்ளே போகிறவர் வெளியே வரும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வீட்டில் சட்டம் வந்தது. அவர்களோடு இருக்கும் மாமனாருக்குத் தெரிந்தது ஒரே பாட்டு, அதுவும் பாதி.

அடுத்து கொத்தனார் வந்து கூடத்துச் சுவரின் விரிசலைப் பூசினார். பூசிய இடம் கல் மாதிரி நின்றது. பக்கத்தில் புதிதாக ஒன்று, சீப்பு செருகும் அகலத்துக்குப் பிளந்தது. மனைவி நிஜமாகவே அதில் சீப்பைச் செருகி வைத்தாள்.

"என்னங்க, மழைக்கு முன்னாடி இது சரியாகலன்னா வாடகை வீட்டுக்குப் போயிடலாம். தலையில விழுந்தா அப்புறம் யாருக்கு நன்றி சொல்லுவீங்க?"

இந்த வீட்டை விட்டுப் போவதா? மண் காய்ந்ததுதானே கோளாறு என்று நன்றி தானே முடிவு செய்து, பின்பக்க மூலையில் குழாயைத் திறந்துவிட்டு ஆபீஸ் போனார். சாயங்காலம் வந்தால் அந்த மூலை ஊறி உப்பி மேலே கிளம்பியிருந்தது. மாமனாரின் அறைக்கதவு நிலையோடு இறுகிவிட்டது. மாமனார் உள்ளே.

"மாப்பிள்ளை, கதவு அசைய மாட்டேங்குது!"

"பயப்படாதீங்க மாமா, தச்சர் வந்துட்டிருக்காரு. அதுவரைக்கும் தெம்பா இருங்க." ஜன்னல் கம்பி வழியாக டம்ளரை நீட்டினார் நன்றி.

மாமனார் அறையைச் சுற்றிப் பார்த்தார். இருப்பது ஒரே ஜன்னல், அதையும் மாப்பிள்ளை அடைத்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழாதீங்க மாமா, நான் இருக்கேன்ல."

கடைசியில் ஒரு என்ஜினீயர் அம்மாள் வந்தார். இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தபடி வீட்டைச் சுற்றினார். சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு வெளியே வந்ததும் நின்றார். மற்ற இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருக்க, அங்கே மட்டும் புல் பச்சைப்பசேல் என்று கிடந்தது.

"களிமண்ணு தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். நீங்க என்னடான்னா ஒரே மூலையில குளம் வெட்டிட்டீங்க. ஆனா இந்தச் சுவரு இம்மிகூட அசையல பாருங்க. யாரோ தினமும் விடாம, அளவா இங்க ஊத்தியிருக்காங்க. நாலு பக்கமும் இதே மாதிரி ஈரம் காயாம பாத்துக்குங்க. விரிசலை அப்புறம் பூசிக்கலாம்."

"அப்ப வீட்டை விட்டு..."

"எதுக்குப் போகணும்? தாராளமா இருங்க."

லிஃப்டுக்கே நன்றி சொல்கிற மனிதர் முதலில் அந்தச் சுவருக்கு நன்றி சொன்னார். அதைத் தடவினார். பிறகு கூடத்துக்கு வந்து வீட்டாரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"யாரு ஊத்தினது? சொல்லுங்க. என் வீட்டைக் காப்பாத்தினவங்க கால்ல விழணும் நான்."

மனைவி விரிசலில் இருந்த சீப்பை எடுத்துத் திடீரென்று தலைவார ஆரம்பித்தாள். மகள் மேலே மின்விசிறியைப் பார்த்தாள். மாமனார்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கால்ல எல்லாம் விழ வேணாம் மாப்பிள்ளை. நாளையிலேர்ந்து நாலு பக்கமும் வர்ற மாதிரி அந்தப் பாகற்காய்ச் சாறை மட்டும் கொஞ்சம் கூடப் போடுங்க, போதும்."