வால்வு மேஸ்திரியும் நாலு கதவும்

இதயத்தில் ஒரே ஓர் அறைதான் உண்டு, அதில் ஒருத்தி நிம்மதியாகக் குடியிருக்கலாம் என்று இருபத்தைந்து வயதுவரை நம்பிய முட்டாள் நான். நம்பியதோடு நிற்காமல் அதைக் கடிதமாகவும் எழுதினேன். அதுவும் எங்கே உட்கார்ந்து? சுரங்க டிஸ்பென்சரியில், குமாஸ்தா நாற்காலியில், எனக்கு நேர் எதிரே இதயத்தின் படம் சுவரில் தொங்க.

கடிதத்தை மேஜைமேல் மறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் வால்வு மேஸ்திரி அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ரைட்டரே, இதயத்துல குடியிருக்கிறாய்னு எழுதிக்கீற. எந்த ரூம்ல?"

"ரூமாண்ணே?"

"நாலு ரூம் கீது. மேல ரெண்டு, கீழ ரெண்டு. எதுலயும் யாரும் குடியிருக்க முடியாது. வந்த ரத்தம் போய்க்கினே இருக்கணும். நின்னுதுன்னா நீ காலி."

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அந்தப் பெண் பிழைத்தாள்.

கோலார் தங்க வயலில் பூமிக்குள் இறங்கி ஏறியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மனிதனுக்குள் இறங்கி ஏறியவர் வால்வு மேஸ்திரி ஒருவர்தான். சுரங்கத்தின் அடியில் ஊறும் தண்ணீரை மேலே தள்ளும் பம்புக்கு அவர்தான் காவல். அந்தப் பம்பில் வால்வுதான் உயிர். தண்ணீரை மேலே போக விடும். திரும்பி இறங்க விடாது. இருபது வருடம் அது மூடும் சத்தத்தைக் கேட்டே வாழ்ந்தவர், ஒரு நாள் காயத்துக்குக் கட்டுப்போட வந்த இடத்தில் அந்தச் சுவர்ப் படத்தைப் பார்த்தார். "அட, இது நம்ம பம்பு" என்றார். அன்றோடு ஊருக்குப் பிடித்தது சனி.

ஞாயிறுதோறும் ஊரிகம் கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்குவார். அது சட்டிக்குப் போகாது. நேரே தெருக்குழாய்க்குப் போகும். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் வருவதே கொஞ்ச நேரம். குடங்கள் வரிசையில் காத்திருக்க, இவர் இதயத்தை அறுத்துக் குழாயடியில் பிடிப்பார்.

"பாரு, இப்டி ஊத்துனா போவுது. அப்டி ஊத்துனா திரும்பி வருதா?"

"குடத்துல ஊத்துனாகூடத்தான் போவும். நவுருய்யா" என்பாள் எதிர்வீட்டுக்காரி.

பிறகு ரப்பர் குழாயின் நுனியில் ஒரு புனல் செருகிக்கொண்டார். ஷிப்டுக்கு நிற்பவன், சீட்டாடுபவன், தாலி கட்டப்போகிறவன் என்று யார் நெஞ்சும் தப்பவில்லை. இதயம் துடிக்கிறது என்று அவர் எதிரில் சொல்லக்கூடாது. "துடிப்பாவது ஒண்ணாவது. லப்புனா ரெண்டு கதவு மூடுது, டப்புனா மீதி ரெண்டு மூடுது. நீ கேக்கறது கதவு சாத்துற சத்தம்."

ஒரு நாள் புனலைத் தன் நெஞ்சில் வைத்து, குழாயை என் காதில் செருகினார்.

"இன்னா கேக்குது?"

"லப், டப்."

"நடுவுல?"

"உஸ்ஸுனு என்னமோ..."

"ரிட்டர்ன் வருது. ஒரு கதவு சரியா மூடல."

பம்பைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னார். அப்புறம்தான் குரல் இறங்கியது. "வெளிய சொல்லாத ரைட்டரே. ரிடையராக மூணு வருசம் கீது. அன்ஃபிட்டுன்னு எழுதிட்டாங்கன்னா வேலை போயிடும், கம்பெனி குடுத்த லைன் வீடும் போயிடும்."

நான் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

"அங்க இல்ல. கொஞ்சம் நடுவுல வை" என்றார்.

சத்தியத்தை நான் மீறவில்லை. பெருமைதான் அடித்தேன். பெங்களூரிலிருந்து புதிதாக வந்த இளம் டாக்டரிடம், "உங்களுக்கே பாடம் எடுக்கிற ஆள் எங்க ஊர்ல இருக்கார் சார்" என்றேன். டாக்டர் ஆள் அனுப்பினார்.

உள்ளே நுழையும்போது மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். சுவர்ப் படத்தைக் கண்டதும் அதையும் மறந்தார்.

"சுத்திட்டு வந்த ரத்தம் வலப்பக்கம் எறங்குது சார். அத்தப் பக்கத்துல கீற நுரையீரலுக்குத் தள்னா போதும், அதான் அங்க சுவரு மெலிசு. காத்து புடிச்சிக்கினு இடப்பக்கம் வருது. அதான் மெயின் பம்பு. எல்லா லெவலுக்கும் தள்ளணும், அதான் சுவரு தடிப்பு. கட்சீல தலைமுடிய விட மெலிசான சந்துல ஒருத்தன் பின்னால ஒருத்தனாப் போவுது."

"கால்லேருந்து எப்படித் திரும்பி ஏறும்?"

"திரும்புற கொழாயில வழி நெடுக குட்டி குட்டி வால்வு சார்."

டாக்டர் சொக்கிப்போனார். தன் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஸ்திரி காதில் மாட்டினார். மேஸ்திரி டாக்டரின் நெஞ்சைக் கேட்டு, "நாலும் பிரமாதமா மூடுது" என்றார்.

"இப்ப உங்களுதை நான் கேக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார் டாக்டர்.

சிரிப்பு நின்றது. மறுபடி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் முறை வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. இனி கீழே இறங்கினால் இந்த ஆள் பிணமாகத்தான் ஏறுவார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மேஸ்திரி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பம்புல வால்வு போனா வால்வ மாத்துவாங்க சார். ஆளுக்குப் போனா ஆளையே மாத்துவாங்க."

தரைமேல் ஏதாவது வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் கம்பெனிக்கு எழுதினார். மேலே வேலை எதுவும் காலியில்லை என்று பதில் வந்தது. அன்ஃபிட் கடிதத்தை டைப் அடித்தவன் நான்தான், மூன்று நகல். என் சர்வீஸில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் நான் அடித்த கடிதம் அது ஒன்றே.

லைன் வீட்டைக் காலி செய்த அன்று போனேன். பேத்தமங்களாவில் மச்சான் வீட்டுக்குப் போக மாட்டுவண்டி நின்றது. கட்டில், நாலு பாத்திரம், ஒரு டிரங்குப் பெட்டி. ரப்பர் குழாய் அவர் கழுத்திலேயே தொங்கியது. மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"நெஞ்சு வெடிச்சிடும் போல கீதுண்ணே" என்றேன்.

கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தார். புனலை என் நெஞ்சில், சரியான இடத்தில் வைத்து, வண்டிக்காரன் இரண்டு தடவை கூப்பிட்டும் நகராமல், வெகுநேரம் கேட்டார்.

"நாலு கதவும் நல்லா மூடுது ரைட்டரே, வாய்தான் மூட மாட்டேங்குது."